ரூட் செய்த போனில் புது ரோம் ஏற்றுவதற்கு முன்னால்

போன மாதம் ஒரு அக்கா கடைக்கு வந்தார். கையில் நாலைந்து வருடம் ஓடிய ஆண்ட்ராய்டு போன். கல்லூரியில் படிக்கும் மகன் அதை ரூட் செய்து (போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுப்பது), லினேஜ்ஓஎஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். கம்பெனி தந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக ஆர்வலர்கள் செய்து தரும் ஆண்ட்ராய்டு அது, இப்படிப்பட்டதைத்தான் கஸ்டம் ரோம் என்பார்கள். நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. புது வெர்ஷன் வந்துவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஃபிளாஷ் செய்திருக்கிறான், அதாவது போனில் ஏற்றியிருக்கிறான். போன் லோகோவைத் தாண்டவில்லை. பதற்றத்தில் ரெக்கவரிக்குள் (ஆண்ட்ராய்டு திறக்காதபோதும் வரும் பழுதுபார்க்கும் திரை) போய் ஃபேக்டரி ரீசெட்டை அழுத்திவிட்டான். போன் திறந்துகொண்டது, கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போல.

அக்கா இருபது பேரை வைத்துச் சீட்டு நடத்துகிறவர். யார் எந்த மாதம் கட்டினார்கள், யார் சீட்டை எடுத்தார்கள், தள்ளு எவ்வளவு, எல்லாம் அந்த போனின் நோட்ஸ் ஆப்பில்தான் இருந்தது. "போன் போனா போகட்டும் தம்பி, அந்தக் கணக்கை மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார். என்னால் முடியவில்லை. இப்போதைய போன்களில் டேட்டா முழுக்க என்க்ரிப்ட் ஆகித்தான் சேமிக்கப்படுகிறது. ரீசெட் ஆனதும் அதைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரும் உதவாது. வீடு வீடாகப் போய், மற்றவர்கள் குறித்து வைத்திருப்பதைப் பார்த்து அவர் கணக்கைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்.

கஸ்டம் ரோம் கெட்ட விஷயம் என்று சொல்ல வரவில்லை. கம்பெனி கைவிட்ட எத்தனையோ போன்கள் அதனால்தான் இன்னும் ஓடுகின்றன. 2017 ஜனவரியில் இந்தியாவில் வெளிவந்த ரெட்மி நோட் 4-க்கு ஆண்ட்ராய்டு 7 வரைதான் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது. அதற்குமேல் அந்த போன் பார்த்த ஆண்ட்ராய்டு எல்லாம் ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து செய்து கொடுத்தவை. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் "புதுசு வந்திருக்கு, போட்டுடலாம்" என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். லினேஜ் 20-லேயே இருந்துகொண்டு அவ்வப்போது வரும் பில்டை (தயார் செய்து வெளியிடும் ரோம் ஃபைல்) ஏற்றுவது அப்டேட். 20-லிருந்து 21-க்குத் தாவுவது அப்கிரேட். 20 என்றால் ஆண்ட்ராய்டு 13, 21 என்றால் 14. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. நிதானமாக யோசிக்க வேண்டியது அப்கிரேடைத்தான்.

என்னிடம் வருகிறவர்களிடம் செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் ஆண்ட்ராய்டு வெர்ஷன் பக்கத்தைத் திறக்கச் சொல்வேன். லினேஜில் அங்கே இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று ஆண்ட்ராய்டின் செக்யூரிட்டி பேட்ச் தேதி, இன்னொன்று வெண்டர் பேட்ச் தேதி. முதலாவதை ரோம் செய்கிறவர்கள் புதுப்பிக்க முடியும். இரண்டாவது மோடம், கேமரா, சிப் சம்பந்தப்பட்ட மூடிய மென்பொருளின் தேதி. அதைப் போன் கம்பெனிதான் தர வேண்டும். வெண்டர் தேதி 2020-ல் நின்றுவிட்ட போனில் ஆண்ட்ராய்டு 15 போட்டாலும் அந்தப் பகுதி 2020-லேயே இருக்கும். முதல் தேதி சமீபத்தியதாக இருந்து, போனும் நன்றாக ஓடினால் பழைய வெர்ஷனிலேயே இருங்கள். அந்தத் தேதி ஆறு மாதமாக நகரவில்லை, உங்கள் வெர்ஷனுக்கு பில்ட் வருவது நின்றுவிட்டது என்றால் அப்போது அப்கிரேடைப் பற்றி யோசிக்கலாம்.

ஆப்கள் கைவிடுவதும் ஒரு காரணம். 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 4.4-ஐ விட்டுவிட்டது. அந்த மாதிரி நிலைக்கு வந்துவிட்டால் வேறு வழியில்லை.

சரி, போடலாம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மாடலுக்கான பில்ட் அதிகாரபூர்வமானதா, அன்அஃபிஷியலா? 2022-ல் லினேஜ் 19 வந்தபோது நிறைய பழைய போன்கள் பட்டியலிலிருந்து விழுந்தன. ஆண்ட்ராய்டு 12-ன் நெட்வொர்க் பகுதிக்கு வேண்டிய ஒரு வசதி பழைய லினக்ஸ் கெர்னல்களில் (ஆண்ட்ராய்டின் அடித்தளம்) இல்லை என்பதுதான் முக்கியக் காரணம். அப்படி விழுந்த போன்களுக்குத் தனி ஆட்கள் தட்டிக்கொட்டி அன்அஃபிஷியல் பில்ட் செய்து தருவார்கள். அதில் எது வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதியும் இருப்பார்கள், அதைப் படியுங்கள். நான் முதலில் தேடுவது வோல்ட்இ, அதாவது 4ஜி நெட்வொர்க்கிலேயே போன் பேசும் வசதி. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ வேலை செய்யாத ரோமில் ஜியோ சிம் போட்டால் நெட் வரும், போன் பேச முடியாது. வயதான பெற்றோரின் போனில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, அன்அஃபிஷியலிலிருந்து அதிகாரபூர்வ பில்டுக்குப் போனால் ரோமைச் செய்தவர் யார் என்று காட்டும் கையொப்பச் சாவி மாறும், டேட்டாவை அழித்துத்தான் ஏற்ற வேண்டும்.

பேங்க் ஆப் விஷயத்தில் பலரும் தலைகீழாக எதிர்பார்க்கிறார்கள். புது ஆண்ட்ராய்டு போட்டால் யுபிஐ ஆப் ஒழுங்காகத் திறக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் போனில் யாரும் கை வைத்திருக்கிறார்களா என்று ஆப்களுக்குச் சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை 2025 மே முதல் ஆண்ட்ராய்டு 13-க்கும் அதற்கு மேலும் உள்ள போன்களில் கடுமையாகிவிட்டது. போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் (கஸ்டம் ரோம் போட இதைத் திறந்திருப்பார்கள்) பூட்டியிருக்கிறதா என்பதை இப்போது வன்பொருள் மட்டத்திலேயே கேட்கிறது. ஆண்ட்ராய்டு 12 ரோமில் சமாளித்துக்கொண்டிருந்த ஆப், 13 போட்டதும் திறக்காமல் போகலாம். அதற்காகக் கஸ்டம் ரோம் இருக்கும்போதே பூட்லோடரைத் திரும்ப லாக் செய்யப் பார்க்காதீர்கள். பெரும்பாலான போன்களில் அது போனைக் கல்லாக்கிவிடும்.

ஃபிளாஷ் செய்யும்போது நான் அதிகம் பார்க்கும் தவறு, ரோமை ஏற்றிவிட்டு உடனே போனை ஆன் செய்வது. வெர்ஷன் மாறினால் ஜிஆப்ஸும் (பிளே ஸ்டோர் உள்ளிட்ட கூகுள் ஆப்கள்) அதே வெர்ஷனுக்கானது வேண்டும். முதல் முறை பூட் ஆவதற்கு முன்னால், ரெக்கவரியிலேயே அதையும் ஏற்றிவிட வேண்டும். ரூட் தரும் மேஜிஸ்க் ஆப் இருந்தால் அதன் துணை மாட்யூல்களை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ரூட்டுக்காக மேஜிஸ்க் பேட்ச் செய்வது, அதாவது திருத்துவது, போனைத் தொடங்கவைக்கும் பூட் இமேஜ் ஃபைலை. பழைய ரோமின் பேட்ச் செய்த பூட் இமேஜைப் புது ரோமில் போடாதீர்கள், புது ரோமின் இமேஜை எடுத்துத்தான் பேட்ச் செய்ய வேண்டும். அந்த அக்காவின் போனிலும் நடந்தது இதுதான். பையன் டவுன்லோட் ஃபோல்டரில் இருந்த பழைய இமேஜையே போட்டிருக்கிறான். சரியான பூட் இமேஜை ஏற்றியிருந்தால் பெரும்பாலும் டேட்டாவோடு போன் திறந்திருக்கும். லோகோவில் நிற்கிற போனில் டேட்டா இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ரீசெட்டை அழுத்தினால்தான் போகிறது. இதைப் படிக்கிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பேக்கப் என்றால் போட்டோவை கூகுளில் ஏற்றுவது மட்டும் இல்லை. நோட்ஸ், வாட்ஸ்அப் சாட், ஓடிபி தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப், கால் ரெக்கார்டிங் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெளியே எடுங்கள். போன் மெமரியிலேயே வைத்தால் அது பேக்கப் ஆகாது. ரூட் இருக்கும்போதே இஎஃப்எஸ் பார்ட்டிஷனையும் (போனின் அடையாள எண் இருக்கும் மெமரிப் பகுதி) காப்பி எடுத்துக் கம்ப்யூட்டரில் வையுங்கள். அது கெட்டால் ஐஎம்இஐ என்ற அந்த அடையாள எண் போய், சிம் நெட்வொர்க்கே எடுக்காது.

அப்புறம் அந்தப் பையனும் வந்தான். முகம் வாடியிருந்தது. திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அம்மா போனுக்கு ரூட் எதற்குப் போட்டாய் என்று கேட்டேன். விளம்பரம் வராமல் இருக்க என்றான். ஆண்ட்ராய்டு 9-லிருந்து பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வரை அதில் நாமே தேர்ந்தெடுக்கலாம். விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ் பெயரை அதில் எழுதினாலே நிறைய விளம்பரம் நின்றுவிடும், அதற்கு ரூட்டே வேண்டாம் என்று போட்டுக் காட்டினேன். மேஜிஸ்க் இல்லாமல் ரோமை மட்டும் சுத்தமாக ஏற்றிக் கொடுத்தேன். சீட்டுக் கணக்கு இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவன் தன் மெயிலுக்கு அனுப்பி வைக்கிறான்.