தொழில் கழிவுநீர்: கட்டணம் கட்டினால் எது போகும், எது போகாது?

சிங்கப்பூரில் தோசை மாவு, ஊறுகாய், மசாலா என்று சிறிய உணவுத் தொழிற்கூடம் நடத்துகிறீர்களா? நீங்கள் அலசி விடும் தண்ணீர் சட்டப்படி வீட்டுக் கழிவுநீர் அல்ல, தொழில் கழிவுநீர். அதைப் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். (மழைநீர்க் கால்வாய்ப் பக்கமே போகாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது.)

லிட்டருக்கு பிஓடி 400 மில்லிகிராம், கலங்கலாக நிற்கும் திடப்பொருள் 400 மில்லிகிராம் என்பது பொது வரம்பு. கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவுதான் பிஓடி. அரிசி, உளுந்து ஊறிய தண்ணீர் இந்த 400ஐச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அப்படித் தாண்டினாலும் கடையை மூட வேண்டியதில்லை. கழிவு எளிதில் மக்கக்கூடியது என்றால், விண்ணப்பித்து, கூடுதல் கட்டணம் செலுத்தி பிஓடி, திடப்பொருள் இரண்டையும் லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் வரை விடலாம். செறிவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும்.

ஆனால் கட்டணம் கட்டினால் எதையும் விடலாம் என்று அர்த்தமில்லை. ஆலிவ் எண்ணெய் ஆலைக் கழிவுநீரைப் பாருங்கள். கறுப்பாக, புளிப்பாக இருக்கும். அதன் கரிமச் சுமை (தண்ணீரில் கலந்திருக்கும் கரிமக் கழிவின் அளவு) வீட்டுக் கழிவுநீரைப்போல நூறு மடங்குக்கு மேலும் போகும். நுண்ணுயிரிகளை முடக்கும் பீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் நிறைய; நுண்ணுயிரிகள் வளரத் தேவையான நைட்ரஜனோ குறைவு. அதனால் மத்திய தரைக்கடல் நாடுகளில் அதைச் சிறு பங்காக வீட்டுக் கழிவுநீரோடு கலந்து சுத்திகரிக்கும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீர் பீனாலை நீர்க்கச் செய்யும், நைட்ரஜனும் பாஸ்பரசும் கொடுக்கும். ஆனால் ஆலைகள் ஓடுவது அறுவடையை ஒட்டிய சில மாதங்கள்தான். திடீரென்று மொத்தமாக வந்தால் நுண்ணுயிரிகள் தாங்காது. தொட்டியில் தேக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும்.

சிங்கப்பூரில் பீனாலுக்கான வரம்பு லிட்டருக்கு வெறும் 0.5 மில்லிகிராம். அதைப் பணம் கட்டித் தாண்ட வழியில்லை. தாவர, விலங்கு எண்ணெய், கொழுப்புக்கு 100 மில்லிகிராம்; அமில காரத்தன்மை (pH) 6 முதல் 9; வெப்பம் 45 டிகிரி. கட்டணத் திட்டம் தளர்த்துவது பிஓடியையும் திடப்பொருளையும்தான்.

குழாய்த் தண்ணீரை ஊற்றி அளவைக் குறைப்பதற்கும் அனுமதி இல்லை. நியாயம்தான், செறிவு குறைந்தாலும் மொத்தச் சுமை அப்படியே இருக்குமே! அதைவிட, விண்ணப்பிக்கும் முன் கொழுப்புப் பொறியை (வடிகாலில் எண்ணெய், கொழுப்பைத் தடுத்துப் பிடிக்கும் தொட்டி) சுத்தம் செய்யுங்கள், பொரித்த எண்ணெயைத் தனியாகச் சேகரித்துக் கொடுங்கள், வடிகாலுக்கு முன் சல்லடை வையுங்கள். அப்புறம் மாதிரி எடுத்துப் பரிசோதித்தால் கட்டணமே தேவைப்படாமலும் போகலாம்.