பூச்சியம் எப்படி மக்கா வெள்ளையாகும்?

அரையாண்டு பேப்பர் கட்டு இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. பேரியம் குளோரைடு கரைசலோடு சோடியம் சல்பேட் கரைசலைச் சேர்த்தால் நிகர அயனிச் சமன்பாடு, அதாவது மின்சுமை உள்ள துகள்களான அயனிகளில் உண்மையாக வினைப்படுவதை மட்டும் காட்டும் சமன்பாடு, என்ன? ஒரு பையன் எல்லாவற்றையும் அயனியாக உடைத்து, இரண்டு பக்கமும் இருப்பதை அடித்துக்கொண்டே போய், ஒன்றும் மிஞ்சாமல் 'பூச்சியம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறான். வருஷா வருஷம் வருகிற விடைதான். இந்தத் தடவை பொறுமை போய்விட்டது.

எல்லாவற்றையும் உடைக்கச் சொன்னது யார்? பெயரில் 'அயனி' இருக்கிறது என்பதற்காகவா? கரைந்து, தண்ணீருக்குள் தனித்தனியாகத் திரிவதை மட்டும்தான் உடைக்க வேண்டும். பேரியம் சல்பேட்டுக்குள்ளும் அயனிகள்தான். ஆனால் அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, கரையாத வெள்ளை வீழ்படிவாக அடியில் கிடக்கின்றன. வீழ்படிவை உடைக்காதே. அப்போது சோடியமும் குளோரைடும் மட்டும் அடிபடும்:

பேரியம் அயனி (2+) + சல்பேட் அயனி (2−) → பேரியம் சல்பேட் (திண்மம்)

வகுப்பில் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டுக் காட்டுவேன். சில்வர் குளோரைடு வீழ்படிவு திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரளும். வாலைவடிநீரில்தான் (காய்ச்சி வடித்த தண்ணீர்) கரைக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உப்புப் போடாமலே வெளுத்துவிடும். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்புக் கறை, நாலைந்து நாளுக்குப் போகாது.

அடுத்தது லெட் (ஈய) நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும். மஞ்சள் வீழ்படிவு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். எழுதும்போது மட்டும் இரண்டு அயோடைடு அயனிக்குப் பதில் ஒரு அயோடின் மூலக்கூறு வந்து உட்கார்ந்துவிடும். அது வேறு பொருள் மக்கா! அணுக்களை எண்ணிப் பார்த்தால் சரியாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது. மின்சுமையைக் கூட்டிப் பார்: இடப்பக்கம் 2+, வலப்பக்கம் பூச்சியம். ஈய அயனி ஒன்று, ஒற்றை எதிர்மின்சுமை உள்ள அயோடைடு அயனி இரண்டு என்று எழுதினால் இரண்டு பக்கமும் பூச்சியம். இந்தப் பூச்சியத்துக்கு மார்க் உண்டு.

முதல் கேள்வியில் சோடியம் சல்பேட்டுக்குப் பதில் அலுமினியம் சல்பேட் வந்தால் பேரியம் மூன்று, சல்பேட் மூன்று என்று நிற்கும். மூன்றால் வகுத்துவிடு, மறுபடியும் மேலே எழுதிய அதே சமன்பாடுதான்.

ஈயக் கரைசல் மிச்சத்தைத் தயவுசெய்து சிங்கில் ஊற்றாதீர்கள். ஓரத்தில் தனி பாட்டில் வைத்திருக்கிறேன்.