முப்பதாவது வினாடியில் நொண்டும் எஸ்எஸ்டி

என் அக்கா மகன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். போன வருஷம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தான். ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தரவைச் சேமிக்கும் டிரைவ்; என்விஎம்இ அதில் வேகமான வகை. டிரைவின் பெட்டியில் வினாடிக்கு 5000 எம்பி என்று பெரிதாகப் போட்டிருந்தது. சில மாதம் கழித்து போன் செய்தான்.

"மாமா, பழைய எஸ்எஸ்டியிலேர்ந்து புதுசுக்கு 200 ஜிபி காப்பி போட்டேன். முதல் அரை நிமிஷம் பறந்துச்சு. அப்புறம் 120க்கு விழுந்து அங்கேயே கிடக்கு. கடையில கேட்டா விண்டோஸை மறுபடி போடச் சொல்றாங்க."

விண்டோஸைத் தொடாதே, காப்பி ஆகும்போது வரும் பச்சை வரைபடத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். எஸ்எஸ்டி மெதுவாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான். மெதுவாவதில் பல விதம் உண்டு. ஒவ்வொன்றும் வரைபடத்தில் வேறு மாதிரி விழும். விழுகிற விதத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அவனிடம் உண்மையில் இரண்டு புகார்கள் இருந்தன. வேகம் அளக்கும் கிறிஸ்டல் டிஸ்க்மார்க்கில் வாசிப்பு 3500ஐ ஒட்டியே நின்றது, 5000 வரவே இல்லை. இது டிரைவின் குறை இல்லை. டிரைவோடு பேச 5600ஜி ப்ராசஸர் தருவது பிசிஐஇ என்னும் தரவுப் பாதையின் மூன்றாம் தலைமுறை. அதில் ஒரு லேனில், அதாவது ஒரு தடத்தில், வினாடிக்குச் சுமார் 985 எம்பி போகும். நான்கு லேன் சேர்ந்தால் 3900 சொச்சம். கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போனது போக நம் கைக்கு வருவது 3500. மதர்போர்டும் டிரைவும் நான்காம் தலைமுறையாக இருந்தாலும், ப்ராசஸர் மூன்றாம் தலைமுறை என்றால் மூன்றுக்குத்தான் எல்லாம் இறங்கும். வாங்கும்போது யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

இப்படி நிலையாக நிற்கும் எண்களை நான் கைரேகை மாதிரி பார்க்கிறேன். எத்தனை முறை அளந்தாலும் 550ஐத் தாண்டவில்லையா? அது சாட்டா என்னும் பழைய, மெதுவான இணைப்பில் ஓடும் டிரைவ். மதர்போர்டில் நேராகச் செருகும் எம்.2 என்ற பட்டை வடிவத்தில் சாட்டாவும் வருகிறது, பார்வைக்கு என்விஎம்இ போலவே இருக்கும், ஏமாந்து வாங்கியவர்கள் நிறைய. 1700ல் நிற்கிறதா? மூன்றாம் தலைமுறையில் நான்கு லேனுக்குப் பதில் இரண்டுதான் கிடைத்திருக்கிறது. பி450 போர்டுகள் பலவற்றில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இப்படிக் குறுகலான பாதையில்தான் இருக்கும். 280 என்றால் பழைய சாட்டா 2 போர்ட். 40க்குக் கீழே என்றால் எஸ்எஸ்டியை விடுங்கள், எங்கிருந்து காப்பி ஆகிறது என்று பாருங்கள், அநேகமாக யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிய டிஸ்க்காக இருக்கும். கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், டிரைவ் இப்போது எந்தப் பாதையில் ஓடுகிறது, எதில் ஓட முடியும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மதர்போர்டின் கையேட்டை எடுத்து எம்.2 ஸ்லாட் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். யாரும் படிக்காத பக்கம் அது. ஆனால் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

கூரையில் முட்டியது போல ஒரே எண்ணில் நிற்கும் வேகம் பாதையின் பிரச்சினை. வேகமாகத் தொடங்கிப் பாதியில் விழுவதற்குக் காரணம் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது.

எஸ்எஸ்டிக்குள் இருப்பது நேண்ட் ஃபிளாஷ் என்னும் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கி, 1987ல் வெளியுலகுக்குக் காட்டியது. கோடிக்கணக்கான குட்டிச் செல்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எலெக்ட்ரான்களை அடைத்து வைக்கலாம், மின்சாரம் போனாலும் அவை அங்கேயே இருக்கும். ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்தால் வேலை சுலபம். டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது மாதிரி. இதை எஸ்எல்சி என்பார்கள். ஆனால் அப்படிச் செய்தால் விலை எகிறிவிடும். அதனால் ஒரே செல்லில் மூன்று பிட் வைக்கிறார்கள், அது டிஎல்சி. நான்கு வைத்தால் கியூஎல்சி. மூன்று பிட்டுக்கு எட்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும், நான்கு பிட்டுக்குப் பதினாறு. அதே சின்ன டம்ளரில் பதினாறு கோடு போட்டு, சரியாக ஒன்பதாவது கோடு வரை ஊற்று என்றால் எப்படி ஊற்றுவோம்? கொஞ்சம் ஊற்றி, பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி. டிரைவை உள்ளிருந்து நடத்தும் கன்ட்ரோலர் சிப்பும் அப்படித்தான் செய்கிறது. படிப்படியாக மின்னூட்டத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சரிபார்க்கிறது. நேரம் எடுக்கத்தான் செய்யும்.

இந்த மெதுவை மறைக்க ஓர் ஏற்பாடு உண்டு. காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியை, தற்காலிகமாக ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று பயன்படுத்துவார்கள். வருகிற தரவு முதலில் அங்கே வேகமாக இறங்கும். லாரியில் வந்த மூட்டைகளைத் திண்ணையில் மளமளவென்று இறக்கிவிட்டு, லாரி போன பிறகு நிதானமாக உள்ளே அடுக்குவது மாதிரி. இதற்கு எஸ்எல்சி கேஷ் என்று பெயர். திண்ணை நிறையும் வரை யாருக்கும் எதுவும் தெரியாது. நிறைந்த பிறகும் லாரிகள் வந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு மூட்டையாக உள்ளே கொண்டுபோய் அடுக்கி முடித்தால்தான் அடுத்ததை இறக்க முடியும்.

அவன் வாங்கியது கியூஎல்சி டிரைவ். காப்பி தொடங்கியபோது அதில் காலியிடம் 240 ஜிபி. நான்கு பிட் வைக்க வேண்டிய செல்லில் ஒரு பிட் வைப்பதால், காலியிடத்தில் நாலில் ஒரு பங்குதான் திண்ணையாகும். ஆக அதிகபட்சம் 60 ஜிபி. வினாடிக்கு 2000 எம்பி வேகத்தில் அது நிறைய முப்பது வினாடி. அவன் சொன்ன அந்த அரை நிமிஷம்! மீதி 140 ஜிபியும் 120ல் ஊர்ந்தால் இருபது நிமிஷம் ஆகும். கணக்கு அப்படியே பொருந்தியது.

டிரைவ் நிறைய நிறைய இந்தத் திண்ணை சுருங்கும் என்பதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. 2018ல் வந்த இன்டெல் 660பி டிரைவின் 1 டிபி மாடலில், காலியாக இருக்கும்போது கேஷ் 140 ஜிபி வரை இருக்கும், நிரம்பி வழியும்போது 12 ஜிபியாகிவிடும். வாங்கிய அன்று அளந்த வேகமும் ஆறு மாதம் கழித்து அளந்த வேகமும் வேறாக இருந்தால், டிரைவ் கெட்டுப்போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. (விண்டோஸ் ரேமையும் இடைத்தங்கலாகப் பயன்படுத்துவதால், முதல் சில ஜிபியில் தெரியும் வேகம் பொய்யாக இருக்கலாம். சோதிப்பதென்றால் நூறு ஜிபிக்குக் குறையாமல் காப்பி போட்டுப் பாருங்கள்.)

நிரம்பிய டிரைவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது பேஜ் பேஜாக, அழிப்பதோ பிளாக் பிளாக்காக. ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள். ஏற்கெனவே எழுதிய பேஜ் மேல் மறுபடி எழுத முடியாது; முழு பிளாக்கையும் அழித்தாக வேண்டும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து இலையில் உட்காரலாம். ஆனால் இலை எடுத்து மேசையைத் துடைத்து அடுத்த பந்தி போட வேண்டுமென்றால் முழு வரிசையும் எழுந்தாக வேண்டும். வரிசையில் இரண்டு பேர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்? அவர்களை இலையோடு வேறு வரிசைக்கு மாற்றிவிட்டுத்தான் துடைக்க முடியும். எஸ்எஸ்டி கன்ட்ரோலர் ஓய்வு நேரத்தில் செய்துகொண்டே இருக்கும் வேலை இது. கூடத்தில் காலி வரிசைகள் இருந்தால் சுலபம். எல்லா வரிசையும் நிரம்பிக் கிடந்தால், நாம் ஒரு பேஜ் எழுத அது உள்ளே பத்து பேஜை நகர்த்த வேண்டியிருக்கும்.

ஒருவர் சாப்பிட்டு எழுந்துவிட்டார் என்பது பரிமாறுகிறவருக்குத் தெரிய வேண்டுமே! நாம் ஒரு கோப்பை அழித்தால் விண்டோஸ் தன் கணக்கில்தான் அடிக்கிறது. டிரைவுக்கு யாரும் சொல்லாவிட்டால் அந்தப் பேஜ்களில் இன்னும் தரவு இருப்பதாக நினைத்து அவற்றையும் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கும். அதைச் சொல்லும் கட்டளைதான் ட்ரிம். விண்டோஸில் 2009ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து இருக்கிறது. டிரைவ்களை ஆப்டிமைஸ் செய்யும் பகுதியில் ஒருமுறை ஓட்டிவிடலாம். அங்கே உங்கள் டிரைவ் ஹார்ட் டிஸ்க் என்று தவறாகக் காட்டப்படவில்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், எப்போதும் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் புகார்கள் போய்விடும்.

சூட்டால் வரும் மெதுவு வேறு மாதிரி. கன்ட்ரோலர் சிப் எழுபது எண்பது டிகிரியைத் தொடும்போது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கொஞ்சம் ஆறியதும் ஏற்றும், மறுபடி சூடாகிக் குறைக்கும். வரைபடம் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். கேஷ் நிறைந்தால் வேகம் விழுந்து கீழேயே கிடக்கும், இப்படித் துள்ளாது. சந்தேகம் இருந்தால், கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து மறுபடி காப்பி போடுங்கள். விழுவது தள்ளிப்போனால் சூடு, அதே ஜிபியில் விழுந்தால் கேஷ். நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில், கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் மாட்டிய எஸ்எஸ்டி படும் பாடு கொஞ்சமில்லை. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடு போட்டும் சூடு குறையவில்லை என்றால், அதைக் கழற்றி தெர்மல் பேடில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். உரிக்காமல் மாட்டப்பட்டவற்றை நானே பார்த்திருக்கிறேன்.

அபூர்வமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014ல் சாம்சங் 840 ஈவோ வைத்திருந்தவர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். புதிய கோப்புகள் 500ல் வாசிக்கப்பட்டன, எழுதி வாரக்கணக்கில் தொடாமல் கிடந்தவை சில இடங்களில் 100க்கும் கீழே போயின. செல்களில் அடைத்த மின்னூட்டம் நாளாவட்டத்தில் லேசாக நகர்ந்துவிட, டம்ளரில் எந்தக் கோடு என்று கன்ட்ரோலர் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. அந்த அக்டோபரில் திருத்திய ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வந்தது, பிரச்சினை திரும்பியது, 2015 ஏப்ரலில் இன்னொன்று வந்தது. பழைய தரவை அவ்வப்போது டிரைவே புதிதாக எழுதிக்கொள்ளும்படி செய்தார்கள். பழைய கோப்பு மட்டும் மெதுவாகத் திறந்தால் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள் என்று நான் சொல்வது இதை மனதில் வைத்துத்தான். அதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் காப்பி போட்டு வேகம் இல்லை என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 4 கேபி துண்டு ஒன்றை வாசிக்க 50 மைக்ரோ வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் வினாடிக்கு 20,000 துண்டு, அதாவது 80 எம்பி. பெட்டியில் 7000 போட்ட டிரைவும் இந்த வேலையில் அந்த அளவில்தான் இருக்கும். குறையாக நினைக்க வேண்டாம். நிமிஷத்துக்கு 7200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில், தட்டு அரைச் சுற்று சுற்றி வரவே 4 மில்லி வினாடிக்கு மேல் ஆகிவிடும். வினாடிக்கு நூறு துண்டு கிடைத்தாலே அதிகம்.

சரி, அக்கா மகனின் கம்ப்யூட்டருக்கு வருவோம். விண்டோஸை மறுபடி போடவில்லை. முடித்துக் கொடுத்த கல்யாணங்களை ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினான். எஸ்எஸ்டியில் 600 ஜிபிக்கு மேல் காலியானது. ட்ரிம் ஓட்டி, ஓர் இரவு முழுக்கச் சும்மா ஓடவிடச் சொன்னேன். மறுநாள் 130 ஜிபியைக் காப்பி போட்டு வரைபடத்தை அனுப்பினான். கடைசி வரை கோடு இறங்கவே இல்லை. 3500க்கு மேல் போக ப்ராசஸரை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அது வேண்டாம் மாமா, அடுத்த டிரைவ் வாங்கும்போது டிஎல்சியா என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றான்.