விண்டோஸ் எஸ்எஸ்டிக்குப் போய்விட்டது, உங்கள் டி டிரைவ் போகவில்லை

போன வாரம் மயிலாப்பூரில் கணக்கு எழுதும் ஒரு அம்மா ஹார்ட் டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதென்று எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) வாங்கி, விண்டோஸை அதற்கு மாற்றியிருக்கிறார்கள். நன்றாக ஓடியிருக்கிறது. பழைய டிஸ்க் சும்மாதானே இருக்கிறது என்று சிசிடிவி பெட்டிக்குள் மாட்டிவிட்டார்கள். மாட்டியதும் அந்தப் பெட்டி, அதாவது டிவிஆர், அதை ஃபார்மட் செய்து, இரவும் பகலும் வீடியோ எழுதித் தள்ளியது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலுக்காக டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்தபோதுதான் ஒரு கம்பெனியின் கணக்கையும் காணவில்லை. டேட்டா டி டிரைவில் இருந்திருக்கிறது. மேலே எழுதப்பட்ட இடத்திலிருந்து யாராலும் எதையும் மீட்க முடியாது. அதை அவரிடம் சொல்வதற்கு எனக்கு மனசே வரவில்லை.

தொலைந்த டேட்டாவை மீட்கும் என் டேட்டா ரெகவரி வேலையில் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. ஆள்தான் வேறு. ஒருவருக்குக் கல்யாண போட்டோ, இன்னொருவருக்குத் தீஸிஸ். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது, பழைய மெஷினைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ளலாம் என்று எஸ்எஸ்டி பக்கம் வந்தவர்களும் உண்டு. எஸ்எஸ்டி போடுங்கள், நல்ல விஷயம்தான். ஆனால் எது மாறியது, எது மாறவில்லை என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

நம் ஊரில் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து வைப்பது பழக்கம். "ஃபார்மட் போட்டாலும் டி டிரைவ் போகாது" என்று சொல்லிச் சொல்லியே முக்கியமானதையெல்லாம் டி-யில் வைத்தோம். இப்போது 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்குகிறீர்கள். மொத்தமும் அதில் எப்படிக் கொள்ளும்? அதனால் விண்டோஸை மட்டும் மாற்றும் வசதியைத்தான் டெக்னீஷியன் தேர்ந்தெடுப்பார். சி டிரைவும், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பூட் பார்ட்டிஷனும் போகும். டி, இ இரண்டும் பழைய டிஸ்க்கிலேயே கிடக்கும். சென்னை ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைத் தம்பிகளை நான் குறை சொல்லவில்லை. விண்டோஸை மாற்றச் சொன்னீர்கள், மாற்றிக் கொடுத்தார்கள்.

"சார், டெஸ்க்டாப்பில் எல்லாம் அப்படியே இருந்ததே!" இதைக் கேட்கும்போதுதான் எனக்குத் தலை வலிக்கும். டெஸ்க்டாப் சி டிரைவில் இருக்கிறது, அதனால் அப்படியேதான் வரும். ஆனால் அங்கே நீங்கள் பார்க்கும் ஐகான்களில் பாதி வெறும் ஷார்ட்கட். ஷார்ட்கட் விலாசச் சீட்டு மாதிரி. வீடு டி டிரைவில் இருக்கிறது. பழைய டிஸ்க்கும் கேபினெட்டுக்குள் மாட்டியே இருக்கும்வரை அதை க்ளிக் செய்தால் ஃபைல் திறக்கும். எஸ்எஸ்டியிலிருந்து திறக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை யாரோ எப்போதோ டி-க்கு நகர்த்தி வைத்திருந்தாலும் இதே ஏமாற்றம்தான்.

சோதிக்க ஒரே வழி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றுங்கள். எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில் பூட் ஆகிறதா பாருங்கள். ஆகவில்லையென்றால் பெரும்பாலும் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டன என்று பொருள். பூட் ஆகிவிட்டால், டேலியில் ஒரு கம்பெனியைத் திறங்கள், அவுட்லுக்கில் பழைய மெயிலைத் திறங்கள், போட்டோவைத் திறங்கள். ஐகான் தெரிந்தால் போதாது, ஃபைல் திறக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முக்கியமான டேட்டாவைத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். க்ளோன் செய்வது, அதாவது டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது, பேக்கப் ஆகாது. பழைய டிஸ்க்கின் உடல்நிலையை க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பாருங்கள். மஞ்சள் காட்டினால் க்ளோன் வேண்டாம், முதலில் டேட்டா. டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப் என்றால் 48 இலக்க ரெகவரி கீ கையில் இருக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்பதை மாடல் பெயரையும் கொள்ளளவையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். க்ளோன் செய்யும் திசை மாறிப்போனால் வெற்று டிஸ்க் உங்கள் டேட்டா மேல் வந்து உட்காரும். மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டி வாங்குகிறவர்கள் தங்கள் மதர்போர்டு சாட்டா வகை கேட்கிறதா, என்விஎம்இ வகை கேட்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன், பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள். தேதி எழுதி ஒட்டி பீரோவில் வையுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் ஒரு மாதம், கணக்கு பார்க்கும் ஆபீஸ் என்றால் ஆடிட் முடியும்வரை. சிசிடிவிக்கு வேறு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டீர்களா? ஹார்ட் டிஸ்க்கில் குவிக் ஃபார்மட் என்றால் பெரும்பாலும் மீட்க வழியுண்டு. ஃபுல் ஃபார்மட் என்றால், விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் டிஸ்க் முழுக்க சுழியம் எழுதிவிடும், அதோடு முடிந்தது. எஸ்எஸ்டியில் அழித்தால், அழித்த இடத்தைக் காலிசெய்யச் சொல்லும் ட்ரிம் கட்டளை கொஞ்ச நேரத்திலேயே துடைத்துவிடும். எதுவானாலும் மெஷினை அணைத்து டிஸ்க்கைக் கழற்றுங்கள். நெட்டில் கிடைக்கும் ரெகவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். மீட்கவேண்டிய ஃபைல் மேலேயே அது போய் உட்கார்ந்துவிடலாம்.