டிசோசியேஷன்: பிளவா, விலகலா?

‘உணவுக் கோளாறு உள்ள மாணவர்களுக்கு மனப்பிளவும் வரலாம்.’ தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லூரிகளுக்கு வரும் மனநலத் தாள்களில் இப்படித்தான் எழுதுகிறார்கள். ‘ஈட்டிங் டிஸார்டர்’ என்பதற்கு உணவுக் கோளாறு, ‘டிசோசியேஷன்’ என்பதற்கு மனப்பிளவு. இரண்டு சொல்லுமே தப்பு.

டிசோசியேஷன் இலத்தீன் வழி வந்தது. ‘சோசியஸ்’ என்றால் கூட்டாளி, ‘டிஸ்’ பிரிவைக் குறிக்கும். சேர்ந்திருந்தது பிரிவது. பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே 1889இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரித்தார்.

‘மனப்பிளவு’ வேறொரு நோயின் பெயர். 1908இல் சுவிஸ் மனநல மருத்துவர் பிளாய்லர் வைத்த ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் அது. தமிழில் மனச்சிதைவு என்கிறோம். தாளைப் படிக்கும் பெற்றோர், பிள்ளைக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டுவார்கள். உண்மையில் நடப்பது என்ன? காலையும் மதியமும் பட்டினி கிடந்த விடுதி மாணவி, இரவில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறாள். கை வாய்க்குப் போகிறது, ருசி தெரியவில்லை, யாரோ தின்பதைத் தள்ளி நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது. காலி உறை கையில் கசங்கும்போதுதான் நினைப்பு வருகிறது. தன்னைப் பற்றிய வலியான நினைப்பிலிருந்து தப்பவே பெருந்தீனி என்று உளவியலாளர்கள் ஹெதர்டனும் பௌமைஸ்டரும் 1991இல் வாதிட்டது இதைத்தான். இதில் எது பிளந்தது?

லேசான அளவில் இது எல்லோருக்கும் உண்டு. கிருஷ்ணகிரி பஸ்ஸில் காவேரிப்பட்டணம் தாண்டியதே தெரியாமல் போவதும் இதே வகை. அதையும் பிளவு என்பீர்களா?

‘பிரிகை’ வேதியியலுக்குப் போய்விட்டது. உப்பு அயனிகளாவது அது. ‘விலக்கம்’ புள்ளியியலில் திட்ட விலக்கமாக உட்கார்ந்திருக்கிறது. ‘மனவிலகல்’ என்றால் உறவு கசந்தது என்று பொருள்படும். ‘தன்னுணர்வு விலகல்’ என்பதே பொருந்தும். தோள்மூட்டு விலகியது என்கிறோமே, விலகினது திரும்பப் பொருந்தும். பிளந்த விறகு ஒட்டாது.

‘உணவுக் கோளாறு’ என்றால் விடுதிச் சாம்பார் கெட்டுவிட்டதென்றே நினைப்பார்கள். கோளாறு உணவில் இல்லை, உண்பதில். நோயென்று உறுதியானால் ‘உண்ணல் கோளாறு’, அந்த அளவுக்குப் போகாத பட்டினியும் பெருந்தீனியும் ‘சீர்குலைந்த உண்ணல்’. அகராதியைப் புரட்டி முதல் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேறுபாட்டையே தொலைத்துவிடுகிறார்கள்.

மாணவர்களின் மனநிலையை அறியக் கொடுக்கும் வினாத்தாளில் இந்தக் கலைச்சொல் எதுவும் வேண்டாம். 1986இல் வந்த டிசோசியேஷன் அளவுகோலின் 28 கேள்விகளும் அனுபவத்தைத்தான் கேட்கின்றன. ‘மனப்பிளவு உண்டா?’ என்றால் எந்த மாணவியும் இல்லை என்பாள். ‘சாப்பிடும்போது உன் கை வேற யாரோ கை மாதிரி இருந்துச்சாம்மா?’ என்று கேளுங்கள்.