கோபத்துக்குப் பின்னால் கெத்தும் தண்ணீர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கோலக்கெட்டில் பக்கம், செம்பனைத் தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்கு வரும் படிவம் நான்கு (16 வயது) பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஆசிரியர் ஏதோ சொல்லிவிட்டார். மாலையில் கடைவரிசைக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்ட்ரா செருகிய கெத்தும் தண்ணீர், அதாவது கெத்தும் மரத்தின் இலையைக் காய்ச்சி எடுத்த போதைப் பானம். அதில் கோலாவும் இருமல் மருந்தும் கலப்பவர்களும் உண்டு. கொஞ்ச நேரத்தில் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிடுகிறது.

கெத்தும் இலையிலுள்ள மிட்ராஜினைன் என்ற வேதிப்பொருள், மூளையில் மார்ஃபின் வேலை செய்யும் அதே ஏற்பிகளில்தான் போய் ஒட்டுகிறது. ஆசிரியர் சொன்னது அப்படியேதான் இருக்கிறது, உறுத்தல் மட்டும் மங்கிவிட்டது. மனசு கலங்கினால் இதுதான் வழி என்று மூளை பதிந்துகொள்கிறது. சும்மா ஜாலிக்குத் தொடங்கிய பலரும் விட முடியாமல் போவது இந்த நிம்மதிக்காகத்தான்.

ஆனால் மூளை சும்மா இருக்காது. வெளியிலிருந்து வரும் அமைதியை ஈடுகட்ட, தன் பதற்ற அமைப்பை முடுக்கிவிடும். போதை இறங்கியதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. அம்மா “சாப்பிட வாடா” என்றாலே எரிந்து விழுகிறான். வீட்டில் இதற்குப் பெயர் திமிர். அவனோ அடுத்த பையைத் தேடுவது சாதாரணமாக இருப்பதற்கே.

இதில் வயதும் சேர்ந்துகொள்கிறது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி முதிர்ச்சியடைய இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். அவமானத்தையும் ஏமாற்றத்தையும் தாங்கிப் பழக வேண்டிய வயதில், அந்தப் பழக்கத்தைப் போதை தட்டிப் பறித்துவிடுகிறது.

கட்டுப்பாடு இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். 2004-இல் உளவியலாளர்கள் கிம் கிராட்ஸ், லிசபெத் ரோமர் இருவரும் உருவாக்கிய 36 வாக்கிய அளவுகோல் அதை ஆறாகப் பிரிக்கிறது. தனக்குள் என்ன நடக்கிறது என்றே புரியாதவன் ஒருவன். கலங்கியதற்காகவே வெட்கப்படுபவன் இன்னொருவன். எல்லாம் தெரிந்தும் கை நிற்காதவன் வேறு. மூவருக்கும் ஒரே அறிவுரை செல்லாது.

“கோபத்தை அடக்குடா” என்பது அதிலும் மோசம். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகளில், உணர்ச்சியை வெளிக்காட்டாமல் மறைத்தவர்களுக்கு முகம்தான் அடங்கியது, உடம்பின் பதற்றம் குறையவில்லை. அதைவிட, “அவமானமா இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பது பயன்படும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா சற்றுத் தணிவதை 2007-இல் மேத்யூ லீபர்மன் குழு படம்பிடித்துக் காட்டியது.

அப்புறம், குடிப்பதை நிறுத்தும் நாட்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தீபகற்பத்தின் வடமாநிலங்களில் கெத்தும் குடித்துவந்த 293 பேரைக் கேட்டார்கள். விட்டபோது தசைவலி, தூக்கமின்மையோடு கோபம், சோகம், படபடப்பு எல்லாம் வந்ததாகச் சொன்னார்கள். ஆகவே நிறுத்திய வாரத்தில் பையன் இன்னும் கடுகடுவென்று இருந்தால் அது உடம்பு போதையிலிருந்து மீண்டுவரும் நேரம். “விட்டும் திருந்தலையே” என்று அப்போது தொடங்குவதைவிட, சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போவது நல்லது.