கையைக் கட்டிப்போடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆன ஓர் அக்கா, வலது கையைத் துண்டில் தொட்டில் போலக் கட்டித் தொங்கவிட்டபடி என்னிடம் வந்தார். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போன இடத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து அசையாமல் படுத்தால்தான் அந்த சிகிச்சையைக் கொடுக்க முடியும். இவருக்கோ தோள் மட்டத்துக்கே கை எழும்பவில்லை.

"யாருக்கா கட்டச் சொன்னது?" என்று கேட்டேன்.

"அசைச்சா தையல் பிரிஞ்சிடும்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க."

பிரியாது. பிசியோதெரபி அறையில் தினமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையை அசைப்பதால் புற்றுநோய் பரவவும் பரவாது. அசைக்காமல் வைத்தால்தான் தோள் இறுகிப்போகும். அப்புறம் ஜாக்கெட் போடவும் தலை வாரவும் இன்னொருவர் வேண்டும். ஆபரேஷன் முடிந்த மறுநாளே விரல்களை மூடித் திறக்கலாம், முழங்கையை மடக்கி நீட்டலாம். காயத்திலிருந்து நீர் வடிய வைத்த டியூப் இருக்கும்வரை தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம், அவ்வளவுதான். டியூபை எடுத்த பிறகு, டாக்டர் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல ஏறுங்கள். சிலருக்கு அக்குளிலிருந்து கயிறு போல ஒன்று இழுக்கும். பயப்படாதீர்கள், பயிற்சியில் அது தளர்ந்துவிடும். (மார்பகத்தைத் திரும்ப அமைத்துக்கொண்டவர்களுக்கு முறை வேறு, உங்கள் டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள்.)

1952இல் அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பகத்தை அகற்றினார்கள். இனி எப்படி வாழ்வது, கையை எப்படிப் பழக்குவது என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. தானே பழகினார். பிறகு தன்னைப் போன்ற பெண்களை மருத்துவமனைப் படுக்கையிலேயே போய்ப் பார்த்தார், பயிற்சிக்குப் பந்தும் கயிறும் கொடுத்தார். குணமானவர்களே நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் 'ரீச் டு ரெக்கவரி' திட்டம் அப்படித்தான் பிறந்தது. நான் வாரம் ஒருநாள் போகும் தொண்டு அமைப்பிலும் இதே வழிதான். நான் பத்து முறை சொல்லி நம்பாதவர், ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொரு பெண் கையைத் தூக்கிக் காட்டினால் உடனே நம்புகிறார். அதனால் குணமாகி வந்தவர்களை வார்டுக்குள் விடுங்கள் என்று மருத்துவமனைகளைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று, வீக்கம். கையிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டும் அக்குள் முடிச்சுகளை முழுதாக எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கலாம், அதுவும் சில வருடங்கள் கழித்துக்கூட. வளையல் திடீரென இறுகினால் அன்றே வந்து காட்டுங்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். கை சிவந்து காய்ச்சலும் வந்தால் காலையில் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. "இனி குடம் தூக்கவே கூடாதாமே?" என்றும் கேட்கிறார்கள். வீக்கம் உள்ள பெண்களை வைத்தே அமெரிக்காவில் 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கியதால் அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. எடையை மெதுவாகக் கூட்டுங்கள், சட்டென்று வேண்டாம்.

அந்த அக்காவுக்குச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். முதல் நாள் தாடை உயரம், நேற்று நெற்றி உயரம். அவர் வீட்டுக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அவர் தலையை அவரே வாரிக்கொள்ளட்டும். அரைமணி ஆனாலும் சீப்பைப் பிடுங்காதீர்கள்.